திருவோட்டின் ஊரில் ஒரு வாரம்

முதல் நாள்: மாஹே

கடவுச்சீட்டில் விழும் முத்திரையை யார் நின்று பார்க்கிறார்கள்? அம்மா பார்த்தாள். அதிகாரி குத்திக் கொடுத்ததும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "இதோ பார், தாத்தா வீட்டுத் திருவோடு" என்றாள். வரிசையில் பின்னால் நின்றவர் இருமிக் காட்டினார். சீஷெல்ஸ் நாட்டின் நுழைவு முத்திரை வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. நடுவே பிளவு விழுந்த இரட்டைத் தேங்காயின் வடிவம் அது.

நாங்கள் வந்ததே அந்தக் காய்க்காகத்தான். அம்மாவின் தாத்தா வீட்டுப் பூஜையறையில் அதன் பாதி ஓட்டாலான ஒரு திருவோடு இருந்தது. கன்னங்கரேலென்று, சிறு படகு போல. திண்ணையில் சில நாள் தங்கியிருந்த பண்டாரம் ஒருவர் விட்டுப்போனதாம். அதில் திருநீறு போட்டு வைத்திருந்தார்கள். இது எந்த மரத்தில் காய்க்கும் என்று கேட்ட சிறுமிக்கு, "மரமேது? கடலுக்கடியில் விளைவது" என்று பதில் கிடைத்தது. பள்ளிக்கூடம் போய்ப் படித்த பிறகும் அந்தப் பதில் அவள் மனத்தைவிட்டுப் போகவில்லை. எழுபது வயது நிறைகிறதே, எங்கே போகலாம் என்று கேட்டேன். காசி என்பாள் என்று எதிர்பார்த்தேன். "அந்த மரத்தைப் பார்த்துவிட வேண்டும்" என்றாள்.

115 தீவுகள். எல்லாவற்றையும் கூட்டினாலும் 460 சதுர கிலோமீட்டர் தேறாது. மக்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். ஆப்பிரிக்காவின் மிகச் சிறிய நாடு இதுதான். பெரும்பாலோர் வாழ்வது இந்த மாஹே தீவில். 1746-ல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தாரே பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே, அவருடைய முழுப்பெயரில் இருக்கும் 'மாஹே'தான் தீவுக்கும் பெயர். அவர் அனுப்பிய மாலுமி வைத்தது.

விடுதிக்கு பஸ்ஸில் போனோம். இடப்பக்கம் ஓடும் டாட்டா பஸ். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் செங்குத்தான மலை. ஓட்டுநருக்கு இரண்டைப் பற்றியும் கவலை இல்லை. திடீரென்று ஒருவர் "தெவான்!" என்று கத்தினார். பஸ் நின்றது. அடுத்த வளைவில் இன்னொரு பெண், "தெவான்!" அம்மா என் காதருகே வந்து, "இறங்கும்போது தேவனைக் கூப்பிடுகிறார்களே, இந்த வேகத்துக்கு அது நியாயம்தான்" என்றாள். கிரியோல் மொழியில் 'முன்னால்' என்று பொருளாம். முன்னால் நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் இடம் வந்தபோது அம்மாவே கூப்பிட்டாள், அவளுடைய உச்சரிப்பில். பஸ் நின்றது.

இரண்டாம் நாள்: விக்டோரியா

தலைநகரை நடந்தே பார்த்துவிடலாம். நடுச் சந்தியில் வெள்ளிப் பூச்சுப் பூசிய ஒரு மணிக்கூண்டு. 1903-ல், மொரீஷியஸிலிருந்து பிரிந்து தனிக் காலனியான ஆண்டில் நிறுத்தியது. கப்பலிலிருந்து இறக்கும்போது ஊசல் கடலில் விழுந்துவிட்டதாம். அதனால் பல பத்தாண்டுகள் மணி அடிக்காமல் நேரம் மட்டும் காட்டிக்கொண்டிருந்தது என்கிறார்கள். என் உயரத்தைப்போல மூன்று நான்கு மடங்குதான் இருக்கும். இதைச் சுற்றி அத்தனை சுற்றுலாப் பயணிகள் எதைப் படம் எடுக்கிறார்கள் என்று புரியவில்லை. நானும் எடுத்தேன்.

சந்தை அதைவிடச் சுவையானது. பளபளவென்று சிவந்த 'பூர்ஸ்வா' மீன்கள் வரிசையாகக் கிடக்கின்றன. மீன்பலகையின் விளிம்பில், எடைபோடும் ஆளைப்போல உரிமையோடு நிற்கின்றன உண்ணிக்கொக்குகள். நம் ஊரில் மாட்டின் பின்னால் திரியும் அதே கொக்கு. இங்கே மாடு இல்லாததால் மீன்காரரின் பின்னால். 'மதாம் பத்தோன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு கொக்கு செதிலைக் கொத்தித் தின்றபோது கடைக்காரர் கையை வீசினார். அது ஒரு அடி நகர்ந்து மறுபடியும் நின்றது. இருவருக்கும் இது தினசரி வழக்கம் என்று தெரிந்தது.

கீரைக் கட்டுகளுக்கிடையே அம்மா ஒன்றைத் தூக்கினாள். முருங்கைக்கீரை. கடைக்காரப் பெண்மணியிடம் பெயரைக் கேட்டேன். "பிரெட் முருங்" என்றார். 'பிரெட்' என்றால் கீரை. 'சத்தினி', 'கரி' என்று அவர் அடுக்கிக்கொண்டே போனதில் பாதியைச் சைகை இல்லாமலே அம்மா புரிந்துகொண்டாள். ஆனால் இங்கே சட்னி என்பது சுறாவைப் பிசைந்து செய்வது. அந்த இடத்தில் சைவக்காரியின் புரிதல் நின்றுபோனது.

கின்சி தெருவில் நவசக்தி விநாயகர் கோயில். அடுக்குமாடிகளுக்கு நடுவே வண்ணங்களோடு கோபுரம் நிற்கிறது; பின்னால் பச்சை மலை, மலையில் மேகம். 1992-ல் எழுந்தது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். சுற்றியுள்ள கடைப் பலகைகளில் பிள்ளை, நாயுடு, செட்டி என்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பெயர்கள். 1770-ல் எதிரே இருக்கும் செயின்ட் ஆன் தீவில் வந்திறங்கிய முதல் குடியேறிகள் 28 பேர்: வெள்ளையர் 15 பேர், அடிமைகள் 7 பேர், கறுப்பினப் பெண் ஒருவர், மீதி ஐந்து பேர் இந்தியர்கள். அதற்கு முன் இங்கே யாரும் நிலையாகக் குடியிருந்ததில்லை. ஆகவே இந்த நாட்டில் யாரும் யாரையும் வந்தேறி என்று சொல்ல முடியாது. அர்ச்சகர் கற்பூரத்தட்டைக் காட்டும்போது அம்மாவிடம் எந்த ஊர் என்று கேட்டார். அதன்பிறகு அரைமணி நேரம் நான் தனியாகக் கோபுரம் பார்த்தேன்.

மூன்றாம் நாள்: கொப்போலியா

அம்மாவின் முழங்கால் இன்று விடுப்பு கேட்டது. நான் மட்டும் ஒரு வழிகாட்டியோடு கொப்போலியா ஏறினேன். சான் சூசி மலைச்சாலையில் தொடங்கும் பாதை. உயரம் 500 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. வேர்களே படிகள்.

காடு முழுக்க இலவங்கப்பட்டை வாசனை. வழிகாட்டி ஒரு இலையைக் கிள்ளிக் கொடுத்து, "இதுதான் எங்கள் தொல்லை" என்றார். 1772-ல் ஆன்ஸ் ருவாயலில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம் போட்டார்கள். 1780-ல் ஒரு கப்பல் வந்தது. ஆங்கிலேயர் வந்துவிட்டார்கள், அவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று தோட்டத்துக்குத் தீ வைத்தார்கள். நங்கூரம் போட்ட பிறகு பார்த்தால் அது பிரெஞ்சுக் கப்பல். ஆனால் பறவைகள் இலவங்கப் பழத்தைத் தின்று மலையெங்கும் விதைத்திருந்தன. இப்போது உள்ளூர் மரங்களை நெருக்கித் தள்ளுவது அதுதான். அவசரக்காரர்களின் தோட்டம் இரண்டரை நூற்றாண்டாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உச்சி ஒரு மொட்டைப் பாறை. பாறையிடுக்கில் குடுவைத் தாவரங்கள், மூடியைத் திறந்து வைத்த சின்னஞ்சிறு கூஜாக்கள் போல. ஒன்றனுள் எட்டிப் பார்த்தேன்: அரை விரற்கடை நீர், அதில் இரண்டு எறும்பும் ஒரு கொசுவும். கொசுவைக் கண்டு மகிழ்ந்தேன். நேற்றிரவுக் கணக்கு எனக்கு இருந்தது.

நான் உட்கார்ந்திருந்த பாறைக்கு வயது ஏறக்குறைய 75 கோடி ஆண்டுகள். பெருங்கடலின் நடுவே இருக்கும் தீவுகள் வழக்கமாக எரிமலைக் குழம்போ பவளமோதான். இது கருங்கல், கண்டத்தின் கல். இந்தியாவும் சீஷெல்ஸும் ஒரே நிலமாக இருந்து, சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்தன. இந்தியா வடக்கே போய் ஆசியாவோடு முட்டி இமயமலையைத் தூக்கியது. இந்தத் துண்டு இங்கேயே நின்றுவிட்டது.

சாட்சி வேண்டுமென்றால் தவளை இருக்கிறது. இறங்கும்போது வழிகாட்டி சட்டென்று கையை உயர்த்தி நிறுத்தினார். காய்ந்த இலையடியிலிருந்து பூச்சி கத்துவதுபோல ஒரு கீச்சொலி. ஐந்து நிமிடம் குனிந்து தேடி, ஒரு இலையைப் புரட்டிக் காட்டினார். பழுப்பு நிறம். என் சுண்டுவிரல் நகத்தின் அளவு. கார்டினர் தவளை, வளர்ந்த பிறகும் ஒரு சென்டிமீட்டரைச் சுற்றித்தான். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வருகிறது. நகத்தைவிடச் சிறிய ஒன்றுக்குக் கண் இருக்கிறது, கண்ணில் தங்க வளையம் இருக்கிறது, மூச்சுக்குத் தொண்டை துடிக்கிறது.

இதன் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம் உலகில் ஒரே இடத்தில்தான்: மேற்குத் தொடர்ச்சி மலையில். ஆண்டு முழுக்க மண்ணுக்குள் இருந்து மழைக்குச் சில நாள் மட்டும் தலைகாட்டும், பன்றிமூக்குள்ள ஊதாத் தவளை. 2003-ல் கேரளத்தில் அறியப்பட்டது. 2017-ல் அதன் இன்னொரு இனத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சரிவில் விவரித்தார்கள். தவளை கடல் நீந்தாது. உப்பு அதன் தோலுக்கு ஆகாது. நிலம்தான் பிரிந்து போயிருக்கிறது.

இரவு அம்மாவிடம் சொன்னேன். "பங்காளி வீடு என்று சொல்" என்று திரும்பிப் படுத்தாள்.

நான்காம் நாள்: பிராலின்

ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று. மாஹேயிலிருந்து பிராலினுக்கு விரைவுப்படகில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன். அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி திருப்புகழ் சொல்லிக்கொண்டு வந்தாள், ஒன்றும் ஆகவில்லை. நான் சொல்லவில்லை, ஆயிற்று.

தெற்குக் கரையின் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரை பாசியும் கடற்புல்லும் ஒதுங்கிப் பழுப்பாகக் கிடந்தது. இந்த மாதங்களில் அப்படித்தானாம். வடமேற்கு மூலையில் ஆன்ஸ் லாசியோவுக்குப் போனால் அதே நாள், அதே தீவு, கண்ணாடி போலத் தண்ணீர். இந்த நாட்டுக்கு வருகிறவர்கள் காற்றின் திசையைக் கேட்டு அறை எடுப்பது நல்லது.

மணலை ஒட்டிச் சாய்ந்து நிழல் தரும் மரங்களைத் தக்கமக்கா என்கிறார்கள். இவ்வூர் ரம் புட்டியில்கூட அந்தப் பெயர் இருக்கிறது. கீழே உருண்டை உருண்டையாகக் காய்கள். அம்மா ஒன்றைக் கையில் உருட்டி, மேலே பளபளக்கும் இலையைப் பார்த்து, "புன்னை" என்றாள். ஆமாம், புன்னையேதான். அதன் பக்கத்தில் தாழை. சற்றுத் தள்ளிச் சவுக்கு. நெய்தல் நிலத்தைப் பெயர் மாற்றி நட்டுவைத்ததுபோல இருந்தது. புன்னையடியில் புடவையை விரித்து அம்மா ஒரு மணி நேரம் தூங்கினாள்.

ஐந்தாம் நாள்: வலே த மே

வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் கையைக் கடித்தது. தொகையை அம்மாவிடம் சொல்லவில்லை.

வலே த மே 20 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவான பள்ளத்தாக்கு. 1983 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களம். உள்ளே பத்தடி வைத்ததும் வெயில் நின்றுவிடுகிறது. பிறகு சத்தம் வந்தது. யாரோ மாடியில் மரப்பலகைகளை இழுத்துப் போடுவதுபோலக் கடகடவென்று. நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் அம்மா, "ஓலை" என்றாள். காற்றில் ஓலையோடு ஓலை உரசும் சத்தம். ஒவ்வொரு ஓலையும் ஒரு அறையின் கூரை அளவு.

அம்மா ஒரு மரத்தடியில் நின்றாள். அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். மட்டையைப் பார்த்தாள், விசிறி ஓலையைப் பார்த்தாள். "இது பனை" என்றாள்.

வழிகாட்டி, இது உலகில் பிராலின், குரியூஸ் என்ற இரண்டு தீவுகளில் மட்டும் இயற்கையாக வளரும் தனி மரம் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அம்மா காதில் வாங்கவில்லை. "ஆண்பனை வேறு, பெண்பனை வேறாக இருக்குமே, கேள்" என்றாள். கேட்டேன். ஆமாம், ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் மரத்தின் பாளை கைநீளத்துக்குத் தொங்கியது. அதன் மஞ்சள் பூவில் ஒரு பச்சைப் பல்லி நக்கிக்கொண்டிருந்தது. "இளங்காய்க்குள் நுங்கு மாதிரி இருக்குமே?" ஆமாம், கூழ்போல இருக்கும், அந்தக் காலத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். வழிகாட்டி இப்போது அம்மாவை வேறு கண்ணோடு பார்த்தார். தாவரவியலாளர் சொல்வதும் அதுதான்: பனையும் இதுவும் ஒரே கிளையைச் சேர்ந்தவை.

முளைவிடும் காய் ஒன்று தரையில் கிடந்தது. பிளவிலிருந்து தடித்த கயிறுபோல ஒன்று கிளம்பி மண்ணுக்குள் போயிருந்தது. அது பல அடி தூரம் போய்த் தனக்கு இடம் பிடித்த பிறகே அங்கே கன்று எழும்பும். அதுவரை தாய்க்காய் சோறு அனுப்பிக்கொண்டிருக்கும். வழிகாட்டி இதை விளக்கப் படாத பாடு பட்டார். பனங்கொட்டையைப் புதைத்துக் கிழங்கு பிடுங்கி, கொட்டையை வெட்டித் தவுண் தின்று வளர்ந்தவளுக்கு இதில் என்ன புதுமை? "கிழங்கு எவ்வளவு நீளம் இறங்குகிறது என்று மட்டும் கேள்" என்றாள்.

வாசலில் ஒரு காயைத் தூக்கிப் பார்க்கக் கொடுத்தார்கள். உலகின் மிகப் பெரிய விதை. 18 கிலோவரைகூட வளரும். முற்ற ஆறேழு ஆண்டு. பெண்ணின் இடைபோல இருக்கிறது என்று எல்லோரும் நாசூக்காகச் சொல்வார்கள், உண்மையில் நாசூக்கு ஏதும் இல்லாத வடிவம். புயலடிக்கும் இரவில் ஆண் மரங்கள் நடந்துபோய்ப் பெண் மரங்களைத் தழுவுமாம். பார்த்தவர் பிழைக்க மாட்டாராம். 1881-ல் இங்கே வந்த ஜெனரல் கார்டன், ஏதேன் தோட்டம் இதுவே என்று முடிவு கட்டினார். பாம்பு உண்டா என்று கேட்டாள் அம்மா. உண்டு, கடித்தாலும் ஒன்றும் ஆகாது என்றார் வழிகாட்டி. "அப்படியென்றால் ஏதேன் இல்லை."

கடலில் விளைந்தது என்ற கதைக்கும் விடை கிடைத்தது. புதிய காய் கல்லைப்போல மூழ்கிவிடும். உள்ளே அழுகிக் கூடான காய் மட்டுமே மிதக்கும். அப்படி மிதந்தவை மாலத்தீவிலும் இந்தியக் கரையிலும் ஒதுங்கின. மரத்தைப் பார்த்தவர் யாருமில்லை, அதனால் கடலுக்கடியில் மரம் என்றார்கள். அறிவியல் பெயரிலேயே மாலத்தீவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் காட்டைக் கண்டது 1768-ல். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே பக்கிரிகளும் பரதேசிகளும் அந்த ஓட்டில் சோறு வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள்.

"முளைக்காத காய்தான் நம் வீட்டுக்கு வந்திருக்கிறது" என்றாள் அம்மா. வெளியே வரும்போது கறுப்புக்கிளி விசில் அடித்தது. பார்க்க முடியவில்லை.

ஆறாம் நாள்: லா தீக்

பிராலினிலிருந்து படகில் கால் மணி. கார்கள் மிகக் குறைவு, எல்லோரும் சைக்கிள். அம்மாவை மின்வண்டியில் ஏற்றிவிட்டு நான் மிதித்தேன், முதல் மேட்டில் அவள் கையசைத்தபடி என்னைக் கடந்தாள்.

லூனியோன் தோட்டத்தில் வனிலாக் கொடிகள், பழைய கொப்பரைச் செக்கு. செக்கருகே அம்மா அதிக நேரம் நின்றாள், ஆமைகளிடம் அதைவிட அதிகம். அல்தாப்ரா இராட்சத ஆமை. ஆண் 250 கிலோவை எட்டும். கழுத்தடியைத் தடவினால் மெல்ல எழுந்து, நான்கு காலையும் ஊன்றி, கழுத்தை நீட்டிக் கொடுக்கிறது. தோல் பழைய செருப்பின் அடிப்பகுதி போல. கண்ணில் மட்டும் ஈரம். இலை தீர்ந்ததும் அம்மாவின் புடவைத் தலைப்பை ஒன்று சுவைத்துப் பார்த்தது.

ஆன்ஸ் சூர்ஸ் தர்ஜான் விளம்பரப் படங்களில் எல்லோரும் பார்த்ததுதான்: யானை முதுகுகள்போல இளஞ்சிவப்புப் பாறைகள், மழை வழிந்து வழிந்து விழுந்த வரிகள், முழங்காலளவு பச்சைத் தண்ணீர். படத்தில் இல்லாதது கூட்டம். ஒவ்வொரு பாறைக்கும் ஒரு திருமண உடை. மாலை நான்கு மணிக்குக் கூட்டம் கலைந்த பிறகே பாறைகள் பாறைகளாயின.

வீட்டுக்காரப் பெண்மணி ஈரப்பலாவைத் தேங்காய்ப்பாலில், சாதிக்காயும் வனிலாவும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தார். 'லாதோப்'. இங்கே ஈரப்பலா தின்றவர்கள் திரும்பி வந்தே தீர்வார்களாம். அம்மா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குத் தேங்காய்ப்பால் விட்ட ஆக்டோபஸ் குழம்பு. அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஏழாம் நாள்: விமான நிலையம்

காலையில் கடையில் இரட்டைத் தேங்காய் விசாரித்தோம். எண் போட்ட அடையாளமும் சான்றிதழும் இல்லாமல் நாட்டைவிட்டு எடுத்துப் போகக் கூடாது. திருட்டுக்காய் பிடிபட்டால் வழக்கு. சான்றிதழோடு உள்ள காயின் விலையைக் கேட்டு நான் கைப்பையைத் திறக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள். மெருகேற்றிப் பளபளவென்று இருந்த காயை ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

"இதில் எங்கே திருநீறு போடுவது? முழுசாக இருக்கிறதே."

விமானத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. தாத்தா வீட்டுப் பொருட்கள் பாகம் பிரிந்தபோது திருவோடு மாமாவிடம் போனதாக அவளுக்கு நினைவு. சற்றுமுன் விமான நிலைய இணைப்பில் அவரைக் கூப்பிட்டோம். மாமாவுக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. அத்தையிடம் கேட்டுவிட்டு வந்தார்.

"இருக்கிறது அக்கா. இவள் அதில் சீயக்காய் போட்டு வைத்திருக்கிறாள்."

"கொட்டிக் கழுவி வை" என்றாள் அம்மா. "வருகிறேன்."